ஜீவனிப் பொதி: நீண்ட ட்ரையத்லனுக்கு வன்னி வெயிலில் எவ்வளவு உதவும்?

பாமசியில் வயிற்றோட்டத்துக்கென்று வாங்குகிற ஜீவனிப் பொதி, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த 113 கிலோமீற்றர் அல்லது 226 கிலோமீற்றர் ட்ரையத்லனுக்குத் தயாராகிற வன்னிக்காரருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மிகச் சிறந்த உப்புச் சாமான். கொழும்பிலிருந்து எடுப்பிக்கிற, தண்ணியில் கரையும் உப்பு வில்லைகளை விட இதற்கே நாங்கள் முதலிடம் கொடுக்கிறோம். ஆனால் இது சாப்பாடு அல்ல. பொதியில் எழுதியபடியே ஒரு லீற்றரில் கரைத்துப் போட்டி முழுக்கக் குடிக்கிறவர், சைக்கிள் ஓட்டத்தின் நாலாவது மணியில் உப்புக் குறையாமலே பசியால் விழுந்துவிடுவார். போட்டிக்குள் ஒரு விதமாகவும் போட்டி முடிந்தபின் வேறு விதமாகவும் கரைக்கவேண்டிய பொருள் இது.

முதலில் பொதிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஜீவனி என்று எங்கட ஊர்களில் சொல்வது எந்த நிறுவனம் அடைத்த வாய்வழி நீரேற்றல் உப்புக்கும் பொதுப்பெயர் போல ஆகிவிட்டது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் இப்போதைய சூத்திரப்படி ஒரு லீற்றருக்கான பொதி மொத்தம் 20.5 கிராம். அதில் சோடியம் குளோரைட், அதாவது கறியுப்பு, 2.6 கிராம்; குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். வாங்கும்போது பொதியின் பின்பக்கத்தில் இந்த எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். 200 மில்லிலீற்றருக்கான சின்னப் பொதிகளும் உண்டு. அவற்றைப் பெரியது என்று நினைத்துப் போத்தலில் போட்டால் கணக்கெல்லாம் பிழைத்துப் போகும். பழச்சுவை சேர்த்து இதே மாதிரிப் பெயரோடு வருகிற பானங்களில் சீனி கூடவும் உப்புக் குறையவும் இருக்கலாம், லேபலை வாசிக்காமல் எடுக்கவேண்டாம்.

இந்தக் கரைசல் வேலை செய்யும் விதம் எளிமையானது. சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோசும் சோடியாக உள்ளே போகிற வழி ஒன்று இருக்கிறது. அவை போகும்போது தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும். 1971இல் இந்தியாவில் இருந்த வங்காளதேச அகதிகளின் முகாம்களில் கொலறா நோயாளரின் உயிர்களைக் காத்தது இந்த ஒரே தத்துவம்தான். பழைய சூத்திரத்தில் லீற்றருக்கு 90 மில்லிமோல் சோடியம் இருந்தது, கரைந்திருக்கிற எல்லாப் பொருளும் சேர்ந்த மொத்தச் செறிவு லீற்றருக்கு 311 மில்லிஒஸ்மோல். 2002இல் அதை 75 ஆகவும் 245 ஆகவும் குறைத்தார்கள். இரத்தத்தின் செறிவு 290 அளவில் இருப்பதால், 245இல் உள்ள கரைசல் குடலுக்குள் தேங்காமல் கெதியாக உறிஞ்சப்படும்.

75 மில்லிமோல் என்றால் லீற்றருக்கு 1725 மில்லிகிராம் சோடியம். வியர்வையில் போகிற சோடியம் ஆளுக்காள் மிகவும் வேறுபடும்: சிலருக்கு லீற்றருக்கு 500 மில்லிகிராமுக்குக் கிட்ட, சிலருக்கு 1500ஐயும் தாண்டும். கறுப்பு உடுப்பில் வெள்ளையாக உப்புப் பூக்கிறவர், கண்ணிமை எரிகிறவர், இரண்டாவது வகைக்குக் கிட்ட நிற்கிறவர். பெரும்பாலானவர்களுக்குப் போட்டி நேரத்தில் 1725 தேவைக்கு அதிகம். அதோடு வாய்க்குள் உவர்ப்பாகவும் இருக்கும்; சூடேறிய போத்தலில் மூன்றாவது மணிக்குப் பிறகு அதை விழுங்க மனம் வராது.

ஆகவே போட்டிக்குள் நாங்கள் சொல்லும் கலவை இது: ஒரு பொதி, 1.5 லீற்றர் தண்ணி, 60 கிராம் சீனி. மட்டமாக வழித்த மேசைக்கரண்டியில் சீனி ஏறத்தாழ 12 கிராம் பிடிக்கும், அதனால் ஐந்து கரண்டி. வீட்டில் சின்னத் தராசு இருந்தால் அதையே நம்புங்கள். கடையில் விற்கிற 1.5 லீற்றர் தண்ணிப் போத்தலே அளவுப் பாத்திரமாக உதவும். இப்படிக் கரைத்தால் சோடியம் லீற்றருக்கு 50 மில்லிமோலுக்கு, அதாவது 1150 மில்லிகிராமுக்கு இறங்கும். மாச்சத்து லீற்றருக்கு 49 கிராமுக்கு ஏறும். மொத்தச் செறிவு 280 வரும், இரத்தத்தோடு ஏறக்குறையச் சமம். சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி பிரக்டோஸ். பிரக்டோசுக்குக் குடலில் வேறு வாசல் இருப்பதால் குளுக்கோசின் வழியில் நெரிசல் கூடாது. குளுக்கோஸ் மட்டும் என்றால் உடல் மணிக்கு 60 கிராம் அளவில்தான் எரிக்கும், இரண்டும் சேர்ந்தால் பழகிய வயிறு 90 வரை தாங்கும்.

சீனியையும் பொதியையும் முதலில் ஒரு கோப்பை தண்ணியில் முழுதாகக் கரைத்துவிட்டுத்தான் போத்தலில் ஊற்றவேண்டும். கரையாத மணிகள் சைக்கிள் போத்தலின் வாய்த் தக்கையை அடைக்கும். பொதியைப் பாதியாகப் பிரிப்பது அடிக்கடி நடக்கிற பிழை. தூளில் உப்பும் குளுக்கோசும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்று சொல்லமுடியாது. ஒரு பாதியில் உப்புக் கூடி மற்றதில் குறையும். முழுப் பொதியையும் கரைத்தபின் 750 மில்லிலீற்றர் போத்தல் இரண்டில் ஊற்றுங்கள், கணக்குச் சரியாக வரும். அரைத் தேசிக்காய் பிழிந்தால் குடிக்க இலகு, சூத்திரமும் கெடாது. முதல்நாள் இரவு ஒரு போத்தலைப் பாதி நிரப்பி உறையவைத்து, காலையில் மீதியை ஊற்றினால் இரண்டு மணித்தியாலமாவது குளிர் நிற்கும். அதிக வெயிலென்று 750 மில்லிலீற்றருக்குள் இரண்டு பொதி கொட்டுகிறவர்கள் உண்டு. அந்தச் செறிவில் குடல் தண்ணியை உறிஞ்சுவதற்குப் பதிலாக உடலிலிருந்து தன் பக்கம் இழுக்கும். குமட்டலும் வயிற்றோட்டமும்தான் மிச்சம்.

எந்தத் தண்ணியில் கரைப்பது என்பது வன்னியில் சின்ன விசயமல்ல. முல்லைத்தீவு, பூநகரிக் கரையோரங்களில் பல கிணறுகள் சவர். அந்தத் தண்ணியில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் நீங்கள் போட்ட கணக்கு நிற்காது. வவுனியாப் பக்கத்து நிலத்தடித் தண்ணியில் கல்லுத்தன்மையும் புளோரைட்டும் கூட. வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணி அல்லது கொதித்தாறிய நல்ல தண்ணிதான் சரி. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. சீனியும் சேர்ந்திருப்பதால் வெயிலில் கெதியாகப் புளிக்கும்.

எவ்வளவு குடிப்பது என்பதைப் பொதி சொல்லாது, தராசு சொல்லும். உடுப்பில்லாமல் நிறை பாருங்கள், ஒரு மணித்தியாலம் போட்டி வேகத்தில் சைக்கிள் ஓடுங்கள், வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி நிறை பாருங்கள். 64.0 கிலோ 63.2 ஆகி, இடையில் 500 மில்லிலீற்றர் குடித்திருந்தால் போன வியர்வை 1.3 லீற்றர். இதைக் காலை ஆறு மணிக்கு ஒருதரம், பத்து மணிக்குப் பிறகு ஒருதரம், சோளகம் அடிக்கிற மாதத்தில் ஒருதரம் என்று தனித்தனியாகச் செய்யவேண்டும். சோளகக் காற்று ஆளை ஏமாற்றும். வியர்வை தோலில் நிற்காமல் அப்போதே காய்ந்துபோவதால் வியர்க்கவில்லை என்றே தோன்றும். தராசில் ஏறினால்தான் ஒன்றரைக் கிலோ போனது தெரியும். கொழும்பில் இதற்கு நேர் எதிர். 2018 மாசியில் காலி முகத்திடலில் இலங்கையின் முதலாவது அயன்மான் 70.3, அதாவது 113 கிலோமீற்றர் ட்ரையத்லன், நடந்தது. அந்தக் கடற்கரை ஈரக் காற்றில் வியர்வை காயாமல் வழிந்துகொண்டே இருக்கும், உடல் குளிராது. வன்னியில் பயிற்சி செய்து கொழும்பில் ஓடப்போகிறவர் இங்கே எடுத்த அளவை அப்படியே அங்கே கொண்டுபோகக்கூடாது.

1.3 லீற்றர் வியர்க்கிறவர் 1.3 லீற்றரும் குடிக்க முயற்சிக்கவேண்டாம். ஓடுகிற வயிறு அவ்வளவையும் கீழே விடாது. சைக்கிளில் மணிக்கு 750 மில்லிலீற்றர், தாங்கினால் 900 வரை, போதும். மிச்சத்தை வேகத்தைக் குறைத்துத்தான் ஈடுகட்டவேண்டும். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை, ஆனாலும் பத்து மணிக்குப் பிந்திய ஏ-9 வீதிக்கு வேறு மருந்து இல்லை.

இப்போது போட்டியின் ஒழுங்குக்கு வருவோம். நீச்சலுக்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தில் கலவையை 500 மில்லிலீற்றர் அளவில் மெதுவாகக் குடித்து முடியுங்கள். கடலில் 3.8 கிலோமீற்றர் நீந்தும்போது கொஞ்சம் உப்புத்தண்ணி வயிற்றுக்குள் போகத்தான் செய்யும். கரையேறியதும் வாய் முழுக்க உப்பாக இருக்கையில் ஜீவனியைக் குடித்தால் வாந்தி வரலாம். சைக்கிளின் முதல் கால் மணித்தியாலத்துக்கு வெறும் தண்ணியால் வாயைக் கொப்பளித்து, இரண்டு மிடறு விழுங்கினால் போதும். (பயிற்சிக்கு முல்லைத்தீவுக் கடலா குளமா என்று யோசிக்கிறவர்களுக்கு: வாடைக் காலத்தில் அந்தக் கடல் பொல்லாதது, குளங்களில் முதலை உண்டு. இரண்டிலும் இடம் தெரிந்த மீனவர் ஒருவர் வள்ளத்தோடு பக்கத்தில் இல்லாமல் இறங்கவேண்டாம்.)

226 கிலோமீற்றர் போட்டியின் சைக்கிள் பகுதியான 180 கிலோமீற்றரை ஆறரை மணித்தியாலத்தில் முடிக்கிறவருக்கு, மணிக்கு 750 என்றால் ஏறத்தாழ 4.9 லீற்றர் தேவை. மூன்று பொதி முழுதாகவும் நாலாவதில் கொஞ்சமும் போகும், நாலு பொதி வையுங்கள். இதனால் மணிக்கு 860 மில்லிகிராம் சோடியமும் 37 கிராம் மாச்சத்தும் கிடைக்கும். சோடியம் போதும், மாச்சத்து அரைவாசிதான். மீதியை மென்று தின்னவேண்டும். பனங்கட்டி இதற்கு நல்ல தோழன். 20 கிராம் துண்டில் ஏறத்தாழ 17 கிராம் மாச்சத்து இருக்கும். ஓலைக் குட்டானிலிருந்து எடுத்து முதல்நாளே நிறுத்து வெட்டி, எண்ணெய்த்தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள். ஈரக்கையோடு தொட்டால் இளகி ஒட்டும். 20 நிமிடத்துக்கு ஒரு துண்டு, பின்னால் இரண்டு மிடறு கலவை என்று போனால் மணிக்கு 50 கிராமுக்கு மேல் கூடும். இனிப்பு அலுத்துவிட்டால் ஒரு நேரத்துக்கு வாழைப்பழம். நடுத்தரப் பழம் ஒன்றில் 25 கிராம் அளவில் இருக்கும். முறிகண்டியில் நிற்கிற எல்லோரும் கச்சான் வாங்குவார்கள். பயிற்சி முடிந்தபின் வாங்குங்கள், கொழுப்பு அதிகமான கச்சான் ஓடுகிற வயிற்றில் மணிக்கணக்காக நிற்கும்.

இளநீரை இதற்குப் பதிலாக வைக்கலாமா என்பது எப்போதும் வருகிற கேள்வி. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் சொற்பம். வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். ஆனபடியால் பயிற்சி இல்லாத நாளில் நல்லது, போட்டிக்குள் போதாது. இனிப்புச் சோடாப் போத்தல்களில் சீனி கூட, உப்பு மிகக் குறைவு. கடைசி பத்துக் கிலோமீற்றரில் சின்ன மிடறுகளாக உதவும், அதற்கு முன்னர் வேண்டாம். உப்புப் போட்ட மோர் வீட்டில் அருமையான பானம், வெயிலில் போத்தலுக்குள் வைக்கிற சாமான் அல்ல.

ஓட்டத்தில் வயிறு இன்னும் சுருங்கும். மணிக்கு 400 முதல் 500 மில்லிலீற்றர்தான் இறங்கும். ஒரு பொதிக் கலவையை 500 மில்லிலீற்றர் போத்தல் மூன்றில் ஊற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்து, உதவிக்கு நிற்கிறவரிடம் கொடுத்துவிடுங்கள். ஐந்து மணித்தியால மரதனுக்கு இரண்டு பொதி. கடை இடையிடையே வருகிறதே என்று நம்பி வெறுங்கையோடு புறப்படவேண்டாம். வவுனியாவிலிருந்து மாங்குளம் போய்த் திரும்பினாலே 80 கிலோமீற்றருக்கு மேல், அந்த வழியில் தண்ணி வாங்கலாம், ஜீவனி வாங்குவது அன்றைக்குப் பாமசி திறந்திருப்பதைப் பொறுத்தது.

இனி இந்தப் பொருளைப் பற்றிப் பரவியிருக்கிற ஒரு ஆபத்தான நம்பிக்கை. மருந்துதானே, எவ்வளவு குடித்தாலும் பிழையில்லை என்று நினைக்கிறார்கள். இரத்தத்தில் சோடியம் லீற்றருக்கு 135 முதல் 145 மில்லிமோல். ஜீவனியில் முழுச் செறிவிலும் 75தான். வியர்த்ததை விடக் கூடக் குடித்தால், குடித்தது ஜீவனியாக இருந்தாலும், இரத்தத்தின் சோடியம் இறங்கும். மெதுவாக ஓடி 14, 15 மணித்தியாலம் எடுக்கிறவர்களுக்கு இது கூடுதல் ஆபத்து. வேகம் குறைய வியர்வை குறையும், குடிக்க நேரமோ நிறைய இருக்கும். விரல்கள் வீங்கி மோதிரம் இறுகுவது, தலையிடி, வாந்தி, ஆளின் பேச்சுத் தடுமாறுவது, போட்டி தொடங்கிய நிறையை விட முடிவில் நிறை கூடியிருப்பது ஆகியவை அறிகுறி. அந்த ஆளுக்குத் தண்ணியும் வேண்டாம், ஜீவனியும் வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய், எத்தனை மணித்தியாலம் ஓடினார், எவ்வளவு குடித்தார் என்பதைச் சொல்லுங்கள். நீரிழப்பு என்று நினைத்துச் சேலைன் ஏற்றுவதற்கு முன் சோடியம் பார்க்க அது உதவும்.

போட்டி முடிந்தபின் பொதி தன் சொந்த வேலைக்குத் திரும்புகிறது: ஒரு பொதி, சரியாக ஒரு லீற்றர், சீனி சேர்க்காமல். முடிவுக் கோட்டில் நிறை பாருங்கள். 64 கிலோவில் தொடங்கியவர் 62இல் நின்றால் இழப்பு 2 கிலோ. அதன் ஒன்றரை மடங்கு, 3 லீற்றர், அடுத்த நாலைந்து மணித்தியாலத்தில் மெதுவாக உள்ளே போகவேண்டும். குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதால்தான் ஒன்றரை மடங்கு. அதில் ஒன்று அல்லது இரண்டு லீற்றர் ஜீவனி, மீதி சொதி, கஞ்சி, சாதாரணத் தண்ணி. முதல் அரை மணித்தியாலத்தில் ஐந்து நிமிடத்துக்கு இரண்டு மிடறு என்ற வீதத்தில் போங்கள். ஒரே மூச்சில் அரை லீற்றர் குடித்தவர் அதை அந்த இடத்திலேயே வெளியே எடுப்பார். நிறை குறையாமல் முடித்தவர் தாகத்துக்கு மட்டும் குடித்தால் போதும்.

மீட்சியில் ஜீவனி செய்கிற வேலை அதோடு சரி. தசைக்கு வேண்டிய புரதம் அதில் துளியும் இல்லை, தீர்ந்துபோன மாச்சத்தை 13.5 கிராம் குளுக்கோஸ் நிரப்பாது. வயிறு அமைதியானதும் குத்தரிசிக் கஞ்சியோ சோறும் மீன் சொதியுமோ. கையளவு மீன் துண்டு அல்லது மூன்று முட்டை 20 கிராமுக்குக் கிட்டப் புரதம் தரும். அவித்த பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பூவும் அடுத்த நாள் காலைக்கு அருமை. ஒடியல் கூழை எல்லோரும் கேட்பார்கள். காரமும் நாரும் கூடியது, அன்று இரவு வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள்.

உடம்பு நோவுக்கு டைக்குளோபினாக், இபுப்புரோபன் வகை வில்லைகளை அன்றும் அடுத்த நாளும் எடுக்கவேண்டாம். நீர் வற்றிய சிறுநீரகத்துக்கு இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைவு, இந்த வில்லைகள் அதை இன்னும் குறைக்கும். சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்துக் கிராமங்களில் எவ்வளவு பேரைப் பிடித்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்ததுதானே. சிறுநீரகப் பிரச்சினையோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர் ஜீவனியையே வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது; லீற்றருக்கு 20 மில்லிமோல் பொட்டாசியம் அவருக்குச் சும்மா விசயமல்ல. எவருக்கென்றாலும், குடித்தும் ஆறேழு மணித்தியாலமாகச் சிறுநீர் வரவில்லை, அல்லது வந்தது கறுத்த பிளேன்ரீ நிறத்தில் இருக்கிறது என்றால் தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று எடுத்து வைத்தியசாலைக்குப் போகவேண்டும், காலைவரை காத்திருக்கக்கூடாது. பாரமில்லாத சைக்கிளும் நீச்சலும் மூன்றாம் நாளிலிருந்து, ஓட்டம் ஒரு கிழமைக்குப் பிறகு, நீண்ட ஓட்டம் மூன்று நாலு கிழமைக்குப் பிறகு என்பது பொதுவான அளவு.

குறைகள் என்று பார்த்தால், சுவை ஒன்று. பொதியைப் பல்லால் கிழித்து ஓடுகிற சைக்கிளில் கரைக்கமுடியாது என்பது இன்னொன்று. கரையும் வில்லைக்கு அங்கே வசதி கூட. மாரியில் ஈரம் பட்ட பொதி கட்டிபட்டுவிடும். கட்டி கரைந்தால் பயன்படுத்தலாம், தூள் மண்ணிறமாக மாறியிருந்தால் எறியுங்கள். காலாவதித் திகதியைப் பாருங்கள், வீட்டுக் கூரைக்குக் கீழே சூட்டில் வைக்காமல் மூடிய போத்தலுக்குள் வையுங்கள். 226 கிலோமீற்றருக்கு ஒருவருக்கு எட்டுப் பொதி: சைக்கிளுக்கு நாலு, ஓட்டத்துக்கு இரண்டு, பிறகு இரண்டு.

கடைசியாகச் சைக்கிளைப் பற்றி. போத்தலிலிருந்து சிந்துகிற கலவை சீனியும் உப்புமாகச் சட்டத்தில் காய்ந்து ஒட்டும். போத்தல் தாங்கியின் இரண்டு ஆணிகள், கைபிடித் தண்டின் ஆணிகள், மிதிக்கட்டை அச்சுப் பகுதி எல்லாம் இதனால் ஒரே பருவத்தில் துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டத்தில் இறுகிய ஆணி கழற்றும்போது தலை உடையும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணியில் துணியை நனைத்துத் துடைத்து, மாதம் ஒருதரம் அந்த ஆணிகளைக் கழற்றி கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். போத்தலின் வாய்த் தக்கையையும் கழற்றிக் கழுவவேண்டும், அதற்குக் கீழேதான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும்.